ஆறு காதுகள்

அந்த வீட்டின் சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பலகை மாட்டியிருந்தது. அதில் நான்கு வேலைகள் எழுதியிருந்தன: சிங்க், குளியலறை, தரை, குப்பை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் ஆணி, ஆணியில் ஒரு மரச்சீட்டு, சீட்டில் ஒருவர் பெயர். சீட்டின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. திங்கட்கிழமை காலையில் சீட்டுகள் ஓர் ஆணி தள்ளி நகரும். எல்லாம் சிவப்பாகத் தொங்கும். வேலையை முடித்தவர் தன் சீட்டைத் தன் கையால் பச்சைக்குத் திருப்ப வேண்டும்.

அவள் வந்து இறங்கிய அன்று நான்காவது சீட்டு வெறும் மரமாக இருந்தது. பாஸ்போர்ட்டில் இருந்த பெயரை அங்கே இருந்த மூவரும் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று தரமும் அவர்கள் வாயில் வேறு யாரோ வந்து நின்றார்கள்.

"அக்கான்னே கூப்பிடுங்க. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாள் இவள்.

மறுநாள் காலைக்குள் சீட்டிலும், வாசல் தபால் பெட்டியிலும் அந்த ஊர் எழுத்தில் 'அக்கா' என்று ஏறிவிட்டது. நாற்பத்தோரு வயதில், கடல் தாண்டி, அவளுக்கு அரசாங்கத் தபால் வரும் பெயரே அதுவாகிப் போனது. அந்த ஊர்ப் பேச்சை அவள் ஓரளவு கற்றுக்கொண்டு வந்திருந்தாள். ஆனாலும் அது அவள் காதுக்குள் நுழையும்போதே வீட்டுப் பேச்சாக மாறிவிடும். அப்படி அவள் காதில் விழுந்ததுதான் இங்கே வருவதெல்லாம்.

காது என்றால் அவள் பிழைப்பே அதுதான். பதினாறு வருடமாக ஓர் ஆஸ்பத்திரியின் செவிப் பிரிவில், காது கேட்கும் கருவி மாட்டுகிறவர்களுக்குக் காது அச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். மனுஷன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காதைப் பார்க்கிற பழக்கம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதே மாப்பிள்ளையின் இடது காது வலதைவிடக் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்ததைக் கவனித்து, வெளியில் சொல்லாமல் ஒப்புக்கொண்டவள். புதிய முறையில் அச்சு செய்யும் படிப்பு இங்கே ஒரு வருடம் என்று தெரிந்ததும், லிஃப்ட் மெக்கானிக்கான அந்தச் சாய்ந்த காதுக்காரர், "போயிட்டு வா. பொண்ணு ஒன்பதாங்கிளாஸ், நான் ஐம்பதாங்கிளாஸ், ரெண்டு பேரும் எப்படியோ பாஸாயிடுவோம்" என்று அனுப்பிவைத்தார்.

வெளிநாட்டு மாணவர்களின் விடுதி ஊருக்கு வெளியே இருந்தது. இரண்டு பஸ், ஒரு ரயில். இந்த வீடோ கல்லூரிப் பட்டறையிலிருந்து பத்து நிமிட நடை. உள்ளூர்ப் பிள்ளைகள் மட்டுமே இருந்த வீடு. வருட நடுவில் ஓர் அறை காலியானதால் இவளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் நிரந்தரமாக இல்லை.

"மூணு மாசம் பாப்போம். அப்புறம் ஓட்டு" என்று முதல் நாளே சொன்னாள் கணக்குப் படிக்கிற பெண். அவளுக்கு இவள் மனசுக்குள் வைத்த பெயர் கணக்கு. "எல்லாரும் அவங்கவங்க கோப்பையை மேஜையில வெப்போம். வாய் மேல பாத்து இருந்தா இருக்கலாம். கவுத்து வெச்சா முடியாது. ஒரு கோப்பை கவுந்தாலும் முடியாது."

ஒரு கோப்பை கவிழ்ந்தால் இரண்டு பஸ், ஒரு ரயில்.

கணக்கைத் தவிர மற்ற இருவர்: பாலம் கட்டப் படிக்கும் நெட்டையன், கதவு நிலையில் தினம் ஒருமுறை நெற்றியை இடித்துக்கொள்பவன்; இன்னொருத்தி, காலையில் ரொட்டிக் கடையில் நின்றுவிட்டு மதியம் சட்டம் படிக்கப் போகும் ரொட்டிக்கடைக்காரி, பேச்சில் எப்போதும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பவள். மூவருக்கும் இருபது, இருபத்தொன்று. மூவருக்கும் நல்ல காதுகள்.

ஓட்டு வாங்க என்ன வழி? அக்காவுக்கு ஒரே வழிதான் தெரியும். ஒரு வீட்டில் காலூன்ற வேண்டும் என்றால் அந்த வீட்டு வேலையை இழுத்துப் போட்டுச் செய்ய வேண்டும். நாத்தனார் கல்யாணத்தில் அப்படித்தான் புகுந்த வீட்டில் நல்ல பெயர் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் வேலை நிரந்தரமானது. ஆகவே முதல் வாரமே சிங்க்கில் கிடந்த எல்லோருடைய பாத்திரத்தையும் கழுவினாள். நெட்டையன் குளியலறையைக் கழுவிவிட்டுப் போனால், பாவம் ஆம்பளைப் பிள்ளை என்று அவன் போனபின் இன்னொரு தரம் தேய்த்தாள். குப்பையை எடுத்தாள், தரையைத் துடைத்தாள். கையோடு எல்லோருடைய சீட்டையும் பச்சைக்குத் திருப்பினாள். புதன்கிழமைக்குள் பலகை தோட்டம்போல் பச்சையாக நிற்கும்.

பதிலுக்கு எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ரொட்டி மீந்தது என்று நீட்டினால், "ஐயோ, இப்பதான் சாப்பிட்டேன்." படம் பார்க்கக் கூப்பிட்டால், "நீங்க பாருங்க, எனக்குப் படிக்கணும்." சளி பிடித்தாலும் பக்கத்து அறைக்குக் கேட்காமல் இருமினாள்.

ஆனால் வாரம் ஆக ஆக வீடு பேச்சை நிறுத்தியது. இவள் சமையலறைக்குள் வந்தால் கணக்கு தன் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போவாள். நெட்டையன் தட்டைக் கையோடு அறைக்கு எடுத்துப் போய்விடுவான். மூடின கதவுகளுக்குப் பின்னால் குசுகுசுப்பு. அக்கா இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

ஞாயிறு போனில் வீட்டுக்காரரிடம் சொன்னாள். "ஒரு சத்தம் இல்லைங்க. சண்டையும் இல்ல, சிரிப்பும் இல்ல."

"கிறீச்சுன்னு கத்தற லிஃப்டை நான் ஒரு ஸ்பேனர்ல சரி பண்ணிடுவேன்" என்றார் அவர். "சத்தமே போடாம நடுவுல நிக்குது பாரு, அதுக்குத்தான் எனக்கு வேர்க்கும். எங்க கோளாறுன்னு வாயைத் திறந்து கேளேன்."

"கேட்டு, அவங்க ஏதாவது சொல்லிட்டாங்கன்னா?"

"அதுக்குத்தானே கேக்கறது?"

அவளுக்குக் கேட்கத் துணிவில்லை. சாமான்களைப் பெட்டியிலிருந்து முழுக்க வெளியில் எடுக்காமலேயே நாள் ஓடியது.

ஓட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது செய்முறைத் தேர்வு அறிவித்தார்கள். வகுப்புக்கு வெளியிலிருந்து மூன்று பேரைப் பிடித்து, ஆறு காதுக்கு அச்சு எடுத்து, அதிலிருந்து ஆறு வார்ப்பு செய்து கொண்டுவர வேண்டும். பட்டறை ஆசிரியை, "வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் மறுநாளே அறைத் தோழர்களை இழுத்து வந்தார்கள். அக்காவோ, ஓட்டுப் போடப் போகிறவர்களிடம் போய்க் காதை நீட்டு என்பதா என்று நினைத்தாள். ஒரு தாளில், 'காது அச்சுப் பயிற்சிக்கு மூன்று பேர் தேவை. வலி இருக்காது. ஐந்து நிமிடம்தான்' என்று அழகாக எழுதி, கீழே அறை எண்ணும் பெயரும் போட்டு, நூலக வாசலில் ஒட்டினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தத் தாள் சமையலறை மேஜைமேல் இருந்தது. மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

"ஆமாம்மா."

"மூணு பேர் வேணும்னு போட்டிருக்கு."

"பரீட்சைக்கு…"

"இந்த வீட்டுல உங்களைத் தவிர எத்தனை பேர் இருக்கோம்?"

"மூணு பேர், ஆறு காது. நான் சரிபாத்துட்டேன்" என்றாள் கணக்கு. யாரும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கெல்லாம் எதுக்குத் தொந்தரவுன்னு…"

"அக்கா, நேராவே கேக்கறேன்." ரொட்டிக்கடைக்காரி தாளைத் தள்ளிவைத்தாள். "எங்க மேல உங்களுக்கு என்ன கோவம்?"

அக்காவுக்கு ஒன்றுமே புரியவில்லை. "கோவமா? எனக்கா?"

"பின்ன? வந்த நாளிலேர்ந்து நாங்க செஞ்ச வேலையை மறுபடி செய்யறீங்க. ஒரு வார்த்தை திட்டறதில்ல, நேரா வாளியைத் தூக்கிடறீங்க. இதுக்கு முன்னாடி உங்க அறையில இருந்தவளும் இப்படித்தான். பிடிக்கலைன்னா வாயைத் திறக்க மாட்டா, எங்க சீட்டையெல்லாம் அவளே திருப்புவா. ஒரு நாள் பெட்டியோட போயிட்டா. 'உங்களோட மனுஷங்க இருக்க முடியாது'ன்னு ஃபிரிட்ஜ்ல எழுதி ஒட்டியிருந்தா."

நெட்டையன் மெல்ல வாயைத் திறந்தான். "நான் குளியலறை கழுவிட்டு வெளிய வரேன். அரை மணி நேரத்துல நீங்க அதையே கழுவறீங்க. பதினோரு வாரமா எந்த மூலையை விட்டேன்னு தேடிக்கிட்டிருக்கேன். போன தடவை டார்ச் அடிச்சுப் பாத்தேன்."

"அப்போ கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்தது?"

"பயம்தான். வெளிய வந்தா துணியோட நிப்பீங்க."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். இவர்கள் கதவைச் சாத்தியது வெறுப்பு என்று இவள் பயந்தாள். இவள் வாளியைத் தூக்கியது கோபம் என்று அவர்கள் பயந்தார்கள். பதினோரு வாரம் நான்கு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து, வீடு மட்டும் பளபளவென்று இருந்திருக்கிறது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

"எனக்குக் கோவமே இல்ல. ஓட்டுக்காகப் பண்ணேன்" என்றாள்.



"அப்படின்னா அது லஞ்சமா?" என்றாள் கணக்கு.

"ஆமா. ஆனா ரொம்ப சுத்தமான லஞ்சம்."

முதலில் நெட்டையன்தான் சிரித்தான். சிரித்து எழுந்த வேகத்தில் மேலே தொங்கிய விளக்கில் தலையை இடித்துக்கொண்டான். அதற்குக் கணக்கு சிரித்தாள். ரொட்டிக்கடைக்காரி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை நீட்டினாள்.

"ரெண்டு விஷயம். ஞாயித்துக்கிழமை எங்க காதுல அச்சு எடுக்கறீங்க. அப்புறம், இனி உங்க சீட்டைத் தவிர வேற எந்தச் சீட்டையும் தொடக்கூடாது. அது என் வேலை, என் பேரு. அதை நீங்க திருப்பினா நான் இந்த வீட்டுல விருந்தாளி மாதிரி ஆயிடறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "என் கோப்பை எப்படி நிக்கும்னு நான் இன்னும் முடிவு பண்ணல. பாக்கறேன்" என்றாள்.

ஞாயிறு மதியம் சமையலறையே பட்டறையானது. அக்கா வெள்ளைக் கோட்டைப் போட்டாள், முடியை இறுக்கிக் கட்டினாள். சின்ன விளக்கை வைத்து முதலில் நெட்டையன் காதுக்குள் பார்த்தாள். இந்த வீட்டில் இத்தனை நாள் யாரும் பார்க்காத அக்கா அது. தேய்க்கிற கை இல்லை, தெரிந்த கை.

"கொஞ்சம் குனி தம்பி. இன்னும். உன்னை மடிச்சுத்தான் வெக்கணும் போல."

நூல் கட்டிய சின்னப் பஞ்சுருண்டையைக் காதுக்குள் உரிய ஆழத்தில் நிறுத்தினாள். இரண்டு நிற சிலிக்கோன் மாவை உள்ளங்கையில் பிசைந்து, ஒரே நிறமானதும் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் அடைத்துக் காதுக்குள் நிரப்பினாள். "ஐந்து நிமிஷம் வாயை அசைக்கக்கூடாது. பேச்சு, சிரிப்பு, மெல்லறது எதுவும் கூடாது. அசைஞ்சா அச்சு கோணும்" என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். அடுத்தடுத்து மூவருக்கும் இரண்டு காதும் நிரம்பியது. சட்டம் படிக்கிறவள் முதன்முறையாகப் பதில் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒருவருக்கும் காது கேட்காது. அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, யாரும் சொல்லாமலே, சொந்த மொழியில் பேச ஆரம்பித்தாள்.

"எனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருக்குடா. அந்த ஜன்னல் பிடிச்சிருக்கு. நீ குளிக்கும்போது தப்புத் தப்பாப் பாடறது பிடிச்சிருக்கு. நீ கணக்குப் போடும்போது உன்னை நீயே திட்டிக்கறது பிடிச்சிருக்கு. உன்னைப் பாத்தாதாம்மா எனக்குக் கொஞ்சம் பயம். ஆனா உன் காது ரொம்ப அழகு."

மூவரும் சிலைபோல் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தார்கள். ஐந்து நிமிடம் ஆனதும் ஆறு அச்சையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வளைவு, மடிப்பு, ஓடை எல்லாம் அப்படியே விழுந்திருந்தன. ஒன்றுகூடக் கோணவில்லை.

"என்ன பேசினீங்க?" என்றான் நெட்டையன்.

"அசையாதேன்னு சொன்னேன்."

"அவ்ளோ நேரமா?"

"எங்க மொழியில அது கொஞ்சம் நீளம்."

அந்த வாரம் பட்ட பாட்டை அவள் பிறகு வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிங்க்கில் கணக்கின் வாணலி ஊறிக்கொண்டே இருந்தது, ஒரு நாள், இரண்டு நாள். கை அரித்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் தண்ணீர் குடித்தாள். குப்பைக்கூடை வாய் பிளந்து நின்றது. நெட்டையன் வந்து எடுக்கும்வரை கைகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நின்றாள். அதற்குமேல் நினைக்க நேரமும் இல்லை. பட்டறையில் ஆறு வார்ப்பையும் ஊற்றி, அரைத்து, ஓரம் மழித்து, மெருகேற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை ஆசிரியை வார்ப்புகளை வரிசையாக விரலால் தடவிப் பார்த்து, "இந்த நீளமான காதுக்காரருக்குக் கருவி எதுவும் தேவையில்லையே, வீணாகிறது" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது என்று வகுப்பு முழுக்கத் தெரியும். சனிக்கிழமை அக்கா நாள் முழுக்கத் தூங்கினாள்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு ஓட்டு. அதற்கு முன் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தாள். பாலை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் பலகை கண்ணில் பட்டது. மூன்று சீட்டு பச்சை, ஒன்று சிவப்பு. குளியலறை. அக்கா.

வாரம் முழுக்க அவள் முறை. வாரம் முழுக்க அவள் மறந்திருக்கிறாள். மற்றவர் சீட்டைத் தொடாமல் இருப்பதிலேயே கவனமாக இருந்ததில் தன் சீட்டைப் பார்க்கவே இல்லை. குளியலறைக்கு ஓடினாள். தொட்டியில் முடி, கண்ணாடியில் பற்பசைத் தெறிப்பு, தரையில் கால் தடம். மூன்று பேரும் வாரம் முழுக்க இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூடத் தொடவில்லை. ஒருவர்கூடச் சொல்லவும் இல்லை. பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, வெச்சிட்டு வாங்க. பன்னெண்டாயிடுச்சு" என்று ரொட்டிக்கடைக்காரியின் குரல் வந்தது. "ஓட்டு முடிஞ்சு கழுவலாம்."

முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டே அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெட்டியை முழுக்கப் பிரிக்காதது நல்லதாய்ப் போயிற்று என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது.

நெட்டையன் தன் பெரிய கோப்பையை நிமிர்த்தி வைத்தான். "காதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தப்புறமும் என்கூடப் பேசறாங்க" என்று காரணமும் சொன்னான். கணக்கு தன்னுடையதை நிமிர்த்தி அதன் பக்கத்தில் வைத்தாள். ரொட்டிக்கடைக்காரி கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே பலகையைப் பார்த்தாள்.

"பன்னெண்டு வாரத்துல முதல் சிவப்பு" என்றாள். "திங்கள்லேர்ந்து தினம் பாத்தேன். இன்னைக்கு யார் சீட்டாவது உங்க கையால பச்சையாகும்னு. ஆகல. எனக்கு அதுதான் வேணும். அழுக்கா இருந்தாலும் யாரோட அழுக்குன்னு தெரியணும்." கோப்பையை நிமிர்த்தி வைத்தாள். "கழுவறது இன்னைக்கே நடக்கணும், சொல்லிட்டேன்."

அக்கா மூச்சை விட்டாள். எழுந்துகொள்ளப் போனாள்.

"எங்க போறீங்க? உங்க கோப்பை?"

"எனக்கு எதுக்கு?"

"ஓட்டு நாலு பேருக்கும்தானே" என்றாள் கணக்கு, இது தெரியாதா என்கிற மாதிரி. "எங்களுக்கு நீங்க சரின்னா போதுமா? உங்களுக்கு நாங்க சரியா?"

இந்தக் கேள்வியை அவள் யோசித்ததே இல்லை. மூன்று மாதமும் பிடிக்குமா, வைத்துக்கொள்வார்களா என்றே ஓடியிருந்தது. மாடத்திலிருந்து தன் கோப்பையை எடுத்து வந்தாள். மேஜைக்கு மேலே பிடித்துக்கொண்டு, சட்டென்று நிறுத்தினாள்.

"ஒரு விஷயம் இருக்கு."

"சொல்லுங்க."

"வாணலியை மூணு நாள் ஊறப் போடறது. அது ஊறறதா, இல்ல ஊர் விட்டு ஊர் போறதா?"

கணக்கின் காது சிவந்தது. நெட்டையன் மேஜையைத் தட்டினான். அக்காவுக்கு அடைப்பு எடுத்தமாதிரி இருந்தது. "நீ சிரிக்காத தம்பி. ஈரத் துண்டை நாற்காலியில போடறது யாரு? அப்புறம் நீ, அம்மா தாயே, காலையில நாலரைக்கு எழுந்து போறப்ப கதவை ஒரு உதை விடறியே, அது என்ன, கால்பந்தா?"

"மூணு மாசமா இதையெல்லாம் உள்ள வெச்சிருந்தீங்களா?" என்றாள் ரொட்டிக்கடைக்காரி. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அக்கா அதுவரை பார்த்ததில்லை. "இன்னும் இருக்கா?"

"இருக்கு. அடுத்த வாரம் சொல்றேன்."

கோப்பையை நிமிர்த்தி வைத்தாள்.

பிறகு கையை மடித்துவிட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனாள். யாரும் உதவிக்கு வரவில்லை; வர வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை. தொட்டியைப் பாதி தேய்த்திருப்பாள், கதவருகே நிழல் தட்டியது. நெட்டையன் நிலையில் சாய்ந்துகொண்டு, கையில் டார்ச்சோடு நின்றான்.

"அந்த மூலையை விட்டுட்டீங்க அக்கா."

"போடா அந்தப் பக்கம்!" என்றாள் அவள், சொந்த மொழியில். அவன் திரும்பி ஓடுகிற அவசரத்தில் நெற்றி நிலையில் இடிக்கிற சத்தமும், சமையலறையிலிருந்து இரண்டு பேரின் சிரிப்பும் கேட்டன. அக்கா அந்த மூலையைத் தேய்த்தாள். உண்மையாகவே விட்டுத்தான் இருந்தாள்.

முடித்து வந்து, ஈரக் கையோடு தன் சீட்டைத் திருப்பினாள். அறைக்குப் போய்ப் பெட்டியின் அடியில் மீதமிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். காலிப் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.